10 கி.மீ. ஓட்டப் பந்தயத்துக்கு முன் வார்ம்-அப் செய்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதன்முறையாகச் சாலை ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்கிறார்கள், ஷூ வாங்கப் பல கடைகள் ஏறி இறங்குகிறார்கள், முந்தைய இரவு என்ன சாப்பிடலாம் என்று பலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் பந்தய நாளன்று மைதானத்துக்கு வந்து சேர்ந்ததிலிருந்து ஓட்டம் தொடங்கும் வரை இருக்கும் ஒரு மணி நேரத்தை என்ன செய்வது என்று பெரும்பாலோர் திட்டமிடுவதில்லை. கழிப்பறை வரிசையிலும் படம் எடுத்துக்கொள்வதிலும் அந்த நேரம் போய்விட, உடல் ஆயத்தமாகாத நிலையிலேயே ஓடத் தொடங்கி, முதல் கிலோமீட்டரிலேயே மூச்சிரைத்து, பயிற்சியில் ஒருநாளும் இப்படி ஆனதில்லையே என்று கலங்குகிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியது. ஜனவரி மாதத்துச் சென்னையில் காலை 6 மணிக்குத் தொடங்கும் ஒரு 10 கி.மீ. ஓட்டத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். வேறு தூரங்களுக்கும் வேறு தட்பவெப்பத்துக்கும் இதை எப்படி மாற்றிக்கொள்வது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அடிப்படை விதியை மட்டும் இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: பந்தயத் தூரம் குறையக் குறைய வார்ம்-அப் கூட வேண்டும், தூரம் கூடக் கூட அது குறைய வேண்டும். புதியவர்கள் பலர் நேர்மாறாக நினைத்துக்கொண்டு, 5 கி.மீ. ஓட்டத்துக்கு ஒன்றுமே செய்யாமலும், முழு மாரத்தானுக்கு முன்னால் அரை மணி நேரம் ஓடியும் வருகிறார்கள்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நாம் ஓடத் தொடங்கிய உடனேயே தசைகளின் ஆற்றல் தேவை பல மடங்காகிவிடுகிறது. ஆனால் இதயமும் நுரையீரலும் அதற்கு ஈடான ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்க்க இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். அதுவரை ஏற்படும் பற்றாக்குறையை, ஆக்சிஜன் இல்லாமலேயே ஆற்றலை உண்டாக்கும் வழியைக் கொண்டு உடல் ஈடுகட்டுகிறது. அசையாமல் நின்றுகொண்டிருந்தவர் திடீரென்று பந்தய வேகத்தில் பாய்ந்தால் அந்தப் பற்றாக்குறை பெரிதாகி, அந்த வழியில் உண்டாகும் லாக்டேட் என்ற துணைப்பொருள் தசைகளில் சேர்ந்து, கால்கள் கனத்து, மூச்சு வாங்குகிறது. முதல் கிலோமீட்டரில் பலருக்கு ஏற்படும் திணறலுக்கு இதுவே முக்கியக் காரணம். பயிற்சிக் குறைவு என்று அதை எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

ரத்த ஓட்டத்திலும் மாற்றம் நிகழ வேண்டியிருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் உடலை இயக்கும் தசைகளுக்குப் போகிறது; கடுமையாக ஓடும்போது அது 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்க்கொண்டிருந்த ரத்தம் கால்களை நோக்கித் திரும்புவதற்கு நேரம் கொடுப்பதே மெதுவோட்டத்தின் முதல் பயன். அத்துடன், உடலின் உட்பகுதி 37 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் கால் தசைகள் ஓய்வில் அதைவிடச் சற்றுக் குளிர்ந்தே இருக்கின்றன. அவை சூடாகும்போது நரம்புக் கட்டளைகள் விரைவாகப் போய்ச் சேர்கின்றன, தசைநார்கள் இளகுகின்றன, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் தன்னிடமிருக்கும் ஆக்சிஜனைத் தசைக்கு எளிதாக விட்டுக்கொடுக்கிறது.

முதல் படி: தொடக்க நேரத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

ஓட்டம் 6 மணிக்கு என்றால், 5 மணிக்கே நீங்கள் மைதானத்தில் இருக்க வேண்டும். பெரிய பந்தயங்களில் சாலைகளை மூடிவிடுவார்கள் என்பதால் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேரலாம். அந்த நடையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு வீட்டிலிருந்து புறப்படுங்கள். கழிப்பறை, பையை ஒப்படைத்தல் ஆகிய இரண்டும் 5.20-க்குள் முடிந்துவிட வேண்டும். பிப் எனப்படும் எண் அட்டையை வீட்டிலேயே நான்கு ஊக்குகளால் குத்திக்கொண்டு வந்துவிட்டால் இருட்டில் தடுமாற வேண்டியதில்லை.

சாப்பாடு ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே முடிந்திருக்கட்டும். இரண்டு இட்லியோ, ஒரு வாழைப்பழமும் இரண்டு ரொட்டித் துண்டும்கூடப் போதும். ஆனால் பயிற்சி நாட்களில் சாப்பிட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். எழுந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்து வாருங்கள். கடைசி அரை மணி நேரத்தில் ஒரு பாட்டிலை மொத்தமாகக் குடித்தால், அது உடலில் சேர்வதற்குள் வயிறு குலுங்கத் தொடங்கும், கழிப்பறையையும் தேட வேண்டிவரும்.

5.20-க்கு வார்ம்-அப் தொடங்கினால் 5.45-க்கு முடியும். அதன்பின் தொடக்க இடத்துக்குச் சென்று நிற்பதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் மீதமிருக்கும். இந்த இடைவெளி முக்கியமானது. வார்ம்-அப்பை மிகவும் முன்னதாக முடித்துவிட்டுக் கால் மணி நேரத்துக்கும் மேலாகச் சும்மா நின்றால், தசைகளில் ஏறிய சூடு பெருமளவு இறங்கிவிடும்.

இரண்டாம் படி: நடையும் மெதுவோட்டமும்

மூன்று நிமிடம் விரைவாக நடந்துவிட்டு, பிறகு ஏழு முதல் பத்து நிமிடம் வரை மிக மெதுவாக ஓடுங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியத்தில், மூச்சு அறுபடாமல் பேச முடிய வேண்டும் என்பதே வேகத்துக்கான அளவுகோல். நீங்கள் ஒரு கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓடத் திட்டமிட்டிருந்தால், இந்த மெதுவோட்டம் 8 நிமிட வேகத்திலோ அதைவிட மெதுவாகவோ இருக்கலாம். சுற்றிலும் வேகமான ஓட்டக்காரர்கள் விரைந்து போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களோடு சேர்ந்துகொள்ளத் தோன்றும், சேராதீர்கள். கடைசி இரண்டு நிமிடங்களில் மட்டும் வேகத்தைச் சற்றே கூட்டி, நெற்றியில் இலேசாக வியர்வை அரும்பும்போது நிறுத்திவிடுங்கள்.

இதுவரை 10 கி.மீ. தூரத்தை ஒருமுறைகூட நிற்காமல் ஓடியதில்லை, எப்படியாவது முடித்துவிட்டால் போதும் என்ற நிலையில் வருபவர்கள் ஐந்து நிமிட நடையும் ஐந்து நிமிட மெதுவோட்டமுமாகக் குறைத்துக்கொள்ளலாம். அவர்களுடைய பந்தய வேகமே மெதுவானது என்பதால் அந்த அளவே போதும். இருப்பில் உள்ள தெம்பைப் பந்தயத்துக்கு முன்பே செலவழிப்பது அவர்களுக்குத்தான் அதிக இழப்பு.

மூன்றாம் படி: மூட்டுகளை அசைத்து இளக்குதல்

மெதுவோட்டம் முடிந்ததும் ஆறேழு நிமிடம் அசைவுப் பயிற்சிகள் செய்ய வேண்டும். பள்ளி விளையாட்டு வகுப்பில் நமக்குக் கற்றுத்தந்த முறை வேறு: குனிந்து கால் விரலைத் தொட்டு முப்பது எண்ணும் வரை அப்படியே நிற்பது, ஒரு காலைப் பின்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது போன்றவை. இவ்வாறு ஒரே நிலையில் தசையை இழுத்துப் பிடிப்பது தவறான பயிற்சி அன்று. ஆனால் அதற்கு உரிய நேரம் ஓட்டத்துக்குப் பின்புதான். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கும் மேலாக இழுத்துப் பிடித்தால் அதன் வலிமை சிறிது நேரத்துக்குக் குறைகிறது என்பது விளையாட்டு அறிவியல் திரும்பத் திரும்ப உறுதிசெய்த செய்தி. ஏதேனும் ஒரு தசை இறுக்கமாக இருந்தால் பத்துப் பதினைந்து விநாடி மென்மையாக இழுத்துவிட்டு, உடனே அசைவுப் பயிற்சிக்குத் திரும்பிவிடுங்கள். அதனால் கெடுதல் இல்லை.

கால் வீச்சிலிருந்து தொடங்கலாம். ஒரு கம்பத்தையோ தடுப்புக் கம்பியையோ ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வெளிப்பக்கக் காலை முன்னும் பின்னுமாக ஊஞ்சல் போல ஆட விடுங்கள். முதல் இரண்டு மூன்று வீச்சுகள் சிறியவையாக இருக்கட்டும். இடுப்பு மூட்டு இளக இளக வீச்சின் உயரம் தானாகக் கூடும். காலை உயர்த்துவதற்காக முதுகை வளைக்கக் கூடாது, வயிற்றைச் சற்றே உள்ளிழுத்து உடலை நிமிர்த்தி நிற்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்துப் பன்னிரண்டு வீச்சுகள். பிறகு கம்பியைப் பார்த்தபடி திரும்பி நின்று, அதே காலை உடலுக்குக் குறுக்காகப் பக்கவாட்டில் வீசுங்கள்.

அடுத்து, நடந்தபடியே செய்யும் லஞ்ச் (lunge) என்ற பயிற்சி. ஒரு காலை நன்றாக முன்னே நீட்டி வைத்து, பின்முழங்கால் தரையைத் தொடாத அளவுக்கு இறங்கி எழுந்து, அடுத்த காலை முன்வைக்க வேண்டும்; காலுக்கு ஐந்து போதும். இதைப் பயிற்சியில் செய்து பழகாதவர்கள் பந்தய நாளில் தொடங்கினால் பாதி தூரத்திலேயே தொடை வலிக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் விட்டுவிடலாம். அதன்பின் இருபது மீட்டர் தூரத்துக்கு முழங்காலை இடுப்பளவு உயர்த்தி ஓடுதல், திரும்பி வரும்போது குதிகால் பின்புறத்தைத் தொடும்படி ஓடுதல், கணுக்காலைச் சுழற்றுதல், பாதத்தின் முன்பகுதியில் ஊன்றிக் குதிகாலைப் பத்துப் பதினைந்து முறை உயர்த்தி இறக்குதல் ஆகியவற்றைச் செய்யுங்கள். கடைசியில் சொன்னதைத் தவற விடாதீர்கள். விடியற்காலையில் மிகவும் விறைத்திருப்பவை கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாரும்தான். ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் பல மடங்கு விசையைத் தாங்கப்போவதும் அவையே.

நம் ஊர்ப் பந்தயங்களில் மேடை போட்டு, ஒலிபெருக்கியில் பாட்டு வைத்து, ஜும்பா நடனம் ஆட வைப்பது வழக்கமாகிவிட்டது. கூட்டத்துக்கு உற்சாகம் தருவதற்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அதையே உங்கள் வார்ம்-அப்பாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தொடர்ச்சியாகக் குதிப்பதும், உட்கார்ந்து எழுவதும், இடுப்பைத் திடீரென்று திருப்புவதும் ஓட்டத்துக்கான அசைவுகள் அல்ல. பழக்கமில்லாத தசைகளைக் களைக்க வைத்துவிடும். மேடை நிகழ்ச்சி முடிந்த நேரத்துக்கும் உங்கள் ஓட்டம் தொடங்கும் நேரத்துக்கும் இடையே அரை மணி நேரம்கூட ஆகலாம். ஆசையாக இருந்தால் கைகளை ஆட்டிவிட்டு, உங்கள் திட்டத்துக்குத் திரும்புங்கள்.

நான்காம் படி: ஸ்ட்ரைட்ஸ்

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும், என் பார்வையில் மிகுந்த பயன் தருவதும் இந்தப் படிதான். ஸ்ட்ரைட்ஸ் என்பது 80 முதல் 100 மீட்டர் வரையிலான குறுகிய ஓட்டம். உங்கள் வேகத்தைப் பொறுத்து ஏறத்தாழ 20 முதல் 40 விநாடி வரை நீடிக்கும். தொடக்கக் கோட்டுக்கு எதிர்ப்பக்கமாக, வேகத்தடையும் பள்ளமும் இல்லாத, விளக்கு வெளிச்சம் விழும் சாலைப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். முதல் மூன்றில் ஒரு பகுதியில் மெதுவோட்டத்திலிருந்து சீராக வேகம் எடுத்து, நடுப்பகுதியில் பந்தய வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலான வேகத்தைத் தொட்டு, கடைசிப் பகுதியில் அதை இறக்கி நடைக்கு வர வேண்டும். 7 நிமிட வேகத்தில் ஓடப்போகிறவருக்கு நடுப்பகுதி 6 நிமிட வேகத்தில் இருந்தால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு பாயும் ஓட்டம் இதில் எந்தக் கட்டத்திலும் வரக் கூடாது.

ஓடும்போது உடலைக் கவனியுங்கள். தோள்கள் காதை நோக்கி ஏறியிருந்தால் தளர்த்துங்கள், விரல்களை இறுக்கி மூடாமல் இலேசாக மடக்கிக்கொள்ளுங்கள், பாதம் தரையில் படும் ஓசை குறைவாக இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் ஸ்ட்ரைட்ஸில் கால்கள் மரத்தது போலத்தான் இருக்கும். இரண்டாவதில் சற்று இளகும். மூன்றாவதில் பெரும்பாலோருக்கு அடி தானாக விழத் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிடம் நடந்து மூச்சைச் சமன்செய்துகொண்ட பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள். 10 கி.மீ. ஓட்டத்துக்கு மூன்று அல்லது நான்கு செய்யலாம். முடித்தால் போதும் என்று வருபவர்களுக்கு இரண்டு.

இதன் பயன் இரண்டு வகையானது. இதயத் துடிப்பும் மூச்சும் பந்தயத்தில் எட்டப்போகும் அளவை ஒருமுறை தொட்டுத் திரும்புவதால், தொடக்கத்தில் ஆக்சிஜன் பற்றாக்குறை குறைகிறது. அதைவிட, பந்தய வேகம் எப்படியிருக்கும் என்பது கால்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கூட்டத்தின் ஆரவாரத்தில் இழுத்துச் செல்லப்படாமல் ஓட அதுவே துணை.

ஐந்தாம் படி: தொடக்க இடத்தில் காத்திருத்தல்

5.48 அளவில் உங்கள் எண் அட்டையில் குறித்துள்ள பிரிவுக்குள் சென்றுவிடுங்கள். அங்கே ஓட இடமிருக்காது. ஆகவே நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி இறக்குவது, காலை மாற்றி மாற்றி மடக்குவது, மெதுவாக நின்றபடி ஓடுவது, கைகளைச் சுழற்றுவது என்று ஏதாவது ஓர் அசைவைத் தொடர்ந்து செய்துகொண்டிருங்கள். இரண்டு மிடறு தண்ணீர் குடிக்கலாம். ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டிருக்கிறீர்களா என்று இறுதியாக ஒருமுறை பாருங்கள்.

சிறப்பு விருந்தினர் வந்து உரையாற்றிக் கொடியசைக்கும் வரை ஓட்டம் தாமதமாவது உண்டு. பத்து நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போகும் என்று தெரிந்தால், பிரிவின் ஓரத்துக்கு வந்து, இருபது மீட்டர் இடம் கிடைத்தாலும் முன்னும் பின்னுமாக இரண்டு நிமிடம் மெதுவாக ஓடுங்கள். வார்ம்-அப் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியதில்லை.

மற்ற தூரங்களுக்கு

5 கி.மீ. ஓட்டத்தில் தொடக்கத்திலிருந்தே வேகம் கூடுதல் என்பதால், மெதுவோட்டத்தைப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடமாக்கி, நான்கைந்து ஸ்ட்ரைட்ஸ் செய்யுங்கள். 21.1 கி.மீ. அரை மாரத்தானுக்கு ஐந்து நிமிட மெதுவோட்டமும், கால் வீச்சும், விரும்பினால் இரண்டு ஸ்ட்ரைட்ஸும் போதும்.

முழு மாரத்தானுக்குக் கணக்கே வேறு. சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 42.195 கி.மீ. ஓட 2,500 கிலோகலோரி அளவுக்குத் தேவை. ஆனால் உடல் தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து வடிவில் சேமித்திருப்பது பொதுவாக 400 முதல் 500 கிராம் வரைதான். அதிலிருந்து கிடைப்பது 1,600 முதல் 2,000 கிலோகலோரி. 30 கி.மீ. கடந்ததும் பலர் தளர்ந்துபோவதற்கு இந்த இருப்பு தீர்ந்துவருவது ஒரு பெரிய காரணம். அப்படியிருக்க, தொடங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி அதைக் கரைப்பது முறையன்று. வாகன நிறுத்தத்திலிருந்து நடந்து வந்த நடை, சில கால் வீச்சுகள், கணுக்கால் சுழற்சி, அவ்வளவே. மாரத்தானின் முதல் இரண்டு கிலோமீட்டரையே வார்ம்-அப்பாக எடுத்துக்கொண்டு மெதுவாக ஓடுவதுதான் புதியவர்களுக்கு ஏற்றது.

வெப்பமும் குளிரும்

சென்னையில் ஜனவரி விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் இருக்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழியும், உடல் குளிர வழியின்றிப் போகும். இத்தகைய நாட்களில் தசைகள் விரைவாகச் சூடாகிவிடும் என்பதால் மெதுவோட்டத்தை இரண்டு மூன்று நிமிடம் குறைத்துக்கொள்ளலாம். கால் தசைகள் சூடாக வேண்டும், உடலின் உட்பகுதி அளவுக்கு மீறிச் சூடாகக் கூடாது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆகஸ்ட் மாதத்து வெயிலில், மாலை நேரத்தில் நடந்த பெண்கள் மாரத்தானுக்கு முன், அமெரிக்க வீராங்கனை டீனா காஸ்டர் குளிர்ச்சிக்காகப் பனிக்கட்டி பொதிந்த மேலங்கியை அணிந்துகொண்டிருந்தார். அந்தப் பந்தயத்தில் அவர் வெண்கலம் வென்றார். நமக்கு அந்த அளவுக்குத் தேவையில்லை. குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வதும், முன்கைகளில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் போதும்.

ஊட்டி போன்ற மலையூர்களில் இதற்கு நேர்மாறாக, மெதுவோட்டத்தை ஐந்து நிமிடம் கூட்டி, பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைக் கடைசி நிமிடம் வரை அணிந்திருந்து, ஓட்டம் தொடங்கும்போது கழற்றி உடன் வந்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த, வறண்ட காற்றில் ஓடத் தொடங்கியதும் மூச்சுக்குழல் சுருங்கக்கூடும். அவர்கள் வார்ம்-அப்பை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. மருத்துவர் இன்ஹேலரைப் பரிந்துரைத்திருந்தால், அவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் பயன்படுத்திவிட்டுத் தொடங்க வேண்டும். வார்ம்-அப்பின்போதே நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, காய்ச்சல் இருப்பதாகத் தெரிந்தாலோ அன்றைய ஓட்டத்தைக் கைவிட்டு மருத்துவ உதவிக் கூடாரத்துக்குச் செல்லுங்கள்.

முன்னரே பழகிக்கொள்ளுதல்

மேலே சொன்ன எதையும் பந்தய நாளில் முதன்முறையாகச் செய்யாதீர்கள். வாரத்துக்கு ஒருநாள் வேகப் பயிற்சி செய்கிறீர்கள் என்றால், அதற்கு முன்னால் இதே வரிசையில் செய்து பாருங்கள். எத்தனை நிமிட மெதுவோட்டத்துக்குப் பிறகு கால் இளகுகிறது, எத்தனையாவது ஸ்ட்ரைட்ஸில் மூச்சு சீராகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கும், நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கும் இடுப்பு மூட்டு இளகக் கூடுதல் நேரம் ஆவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்திய அளவை ஒரு சீட்டில் எழுதி, பந்தயப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்; அன்றைய பதற்றத்தில் யோசிக்க வேண்டியிருக்காது.

ஓட்டம் தொடங்கியதும் முன்னால் இருப்பவர்களை விலக்கிக்கொண்டு பாய வேண்டியதில்லை. நேரத்தைப் பதிவுசெய்யும் சிப் உங்கள் எண் அட்டையிலோ ஷூவிலோ இருக்கிறது. தொடக்கக் கோட்டில் விரித்திருக்கும் பட்டையை நீங்கள் மிதிக்கும்போதுதான் உங்களுடைய நேரம் ஓடத் தொடங்கும். முதல் 400 மீட்டரை மூச்சை மட்டும் கவனித்து ஓடுங்கள். முதல் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போது கைக்கடிகாரத்தைப் பாருங்கள்: திட்டமிட்ட வேகத்தைவிட ஐந்து முதல் பத்து விநாடி மெதுவாக இருந்தால் சரியாகத் தொடங்கியிருக்கிறீர்கள், அதே மூச்சில் தொடரலாம், அதைவிட வேகமாக வந்திருந்தால் இரண்டாவது கிலோமீட்டரிலேயே வேகத்தைத் தணித்துக்கொள்ளுங்கள்.